கார்பன் தேயாத மோட்டார்: இருநூறு ஆண்டுக் கதை



"மலரில் எல்லோரும் பழைய நினைவுகளைத்தான் எழுதுறாங்க. நீ என்ஜினீயராச்சே, உன் தொழிலைப் பற்றி எழுது. ஆனா தமிழ் இலக்கியம் படிச்சவங்களுக்கும் புரியணும்" என்பது மலர்க்குழுவின் அன்புக் கட்டளை. அடியேன் தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றில் இயற்பியல் படித்து, பிறகு பொறியியல் படித்து, இன்று மோட்டார்களை ஓட்டும் மின்னணு அட்டைகளை வடிவமைக்கும் வேலையில் இருப்பவன். ஆகவே மோட்டாரின் வரலாற்றையே சொல்லிவிடுகிறேன்.

நம் வீடுகளில் இரண்டு வகை மோட்டார்கள் உண்டு. ஒன்று மிக்சிக்குள் இருப்பது. அரைக்கும்போது காற்றுத் துளை வழியே பார்த்தால் உள்ளே நீலப்பொறி பறக்கும், இலேசாக ஒரு வாடையும் வரும். சில ஆண்டுகள் உழைத்தபின் நின்றுவிடும். கடைக்காரர் பிரித்துப் பார்த்து, "கார்பன் தேஞ்சு போச்சுங்க" என்று சொல்லி இரண்டு சிறு கரித்துண்டுகளை மாற்றித் தருவார். மற்றொன்று கூரையில் தொங்கும் மின்விசிறி. தாத்தா வாங்கி மாட்டியது பேரன் காலத்திலும் சுற்றுகிறது. அதில் பொறியும் இல்லை, கார்பனும் இல்லை.

அந்தக் கரித்துண்டின் பெயர்தான் பிரஷ். அது எதற்காக வந்தது, அதை விரட்டுவதற்கு மனிதன் ஏன் இத்தனை பாடுபட்டான் என்பதுதான் இக்கட்டுரை.

பிரஷ் எதற்கு?

1821இல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே ஒரு கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றி, நடுவில் காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மின்சாரத்தால் சுழற்சியை உண்டாக்கலாம் என்று உலகம் கண்டது அன்றுதான்.

அதைப் பயனுள்ள மோட்டாராக்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் ஒரு காந்தம். அதை நிலையான காந்தங்களுக்கு நடுவே வைத்தால் வடமுனை தென்முனையை நோக்கித் திரும்பும்; போய்ச் சேர்ந்ததும் அங்கேயே நின்றுவிடும். முரண்டு பிடிக்கும் கன்றுக்குட்டியைப் புல்லைக் காட்டி அழைத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். புல் அதன் வாய்க்கு எட்டிவிட்டால் அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்துவிடும். ரொம்பத் தூரத்தில் காட்டினால் நம் பின்னால் வராது. எட்டியும் எட்டாத தூரத்தில் புல்லை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். மோட்டாரில் அந்தத் தூரம் மின்கோணக் கணக்கில் 90 பாகை. சுழலும் பகுதியின் காந்தத்துக்கும் நிலையான பகுதியின் காந்தத்துக்கும் இடையே இந்தக் கோணம் இருந்தால்தான் முழு முறுக்குவிசை கிடைக்கும்.

புல்லை நகர்த்தும் வேலையைச் செய்வதுதான் கம்யூட்டேட்டர். 1832இல் வில்லியம் ஸ்டர்ஜன் இதைக் கொண்டு மோட்டாரை ஓட்டிக் காட்டினார். அச்சில் செம்புப் பட்டைகள். அவற்றை உரசிக்கொண்டு நிற்கும் தொடுமுனைகள். சுருள் போய்ச் சேர வேண்டிய நேரத்தில் பட்டை மாறி, மின்சாரம் திசை மாறிவிடும். தொடக்கத்தில் தொடுமுனைகள் செம்புக் கம்பிகளைத் தூரிகைபோல் கட்டியவை. ஆகவேதான் பிரஷ் என்ற பெயர். 1880களில் செம்பு போய்க் கரி வந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த மோட்டார்தான் 1895 மே மாதம் சென்னையில் டிராம் வண்டியை ஓட்டியது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அது. 1953 வரை ஓடியது. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே வந்த மீட்டர்கேஜ் மின்ரயிலும் கார்பன் பிரஷ் வைத்த மோட்டாரில்தான் ஓடிற்று. அதற்குக் காரணம் உண்டு. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும். கிளம்பும்போது நல்ல இழுவை. ரயிலுக்கும் டிராமுக்கும் வேறென்ன வேண்டும்?

ஆனால் உரசும் பொருள் தேயும். தேய்ந்த கரித்தூள் உள்ளே படியும். பொறி பறக்கும் இடத்தில் பெட்ரோலோ பஞ்சோ இருந்தால் ஆபத்து. நம்ம ஊர் உப்புக்காற்று பட்டால் செம்பு சும்மா இருக்குமா? கடலோர ஊர்களில் பிரஷ் மோட்டாரைப் பராமரிப்பது தனிப் பாடு.

பிரஷ் இல்லாத முதல் மோட்டார்

பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் ஏதோ நேற்று வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல. 1885இல் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸும், சற்றுப் பின்னர் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவும் தனித்தனியே ஒரே எண்ணத்துக்கு வந்தார்கள். நேர் மின்சாரத்தை எடுத்து அதைத் திருப்பித் திருப்பிப் போடுவானேன்? தானாகவே திசை மாறும் மாறுமின்சாரத்தையே பயன்படுத்தினால் என்ன? முன்பின்னாக அலையும் மின்சாரங்களைத் தள்ளித் தள்ளி வைத்த சுருள்களில் பாய்ச்சினால், எதுவும் அசையாமலே உள்ளே ஒரு காந்தப்புலம் சுழலும். நடுவில் வெறும் செம்புக் கம்பிக் கூண்டை வைத்தால், புலம் அதில் மின்சாரத்தைத் தூண்டி அதையும் இழுத்துக்கொண்டு சுற்றும். டெஸ்லாவின் காப்புரிமைகள் 1888இல் கிடைத்தன. 1889இல் ஜெர்மனியில் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி மும்முனை மின்சாரத்தில் இயங்கும் கூண்டு மோட்டாரைச் செய்து முடித்தார். இன்று நம் நிலத்தில் ஓடும் பம்புசெட்டின் மூதாதை அதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை கோவையில் தொடங்குகிறது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். பின்னர் கோவை பம்புசெட் நகரமாயிற்று. நெல்லிக்குப்பத்துக் கரும்புக்கும் பண்ருட்டிப் பக்கத்துக் கொல்லைகளுக்கும் தண்ணீர் இறைத்தவை இந்த வகை மோட்டார்களே.

கூண்டு மோட்டாருக்கு ஒரே ஒரு குறை: வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டுண்டு கிடக்கிறது. நம் நாட்டில் நொடிக்கு 50 அலைவு. நான்கு முனை மோட்டாரில் புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும்; மோட்டார் கொஞ்சம் பின்தங்கி 1440 அளவில் ஓடும். பம்புசெட்டின் பெயர்ப்பலகையைப் பாருங்கள், இப்படி ஓர் எண் இருக்கும். அதைக் கூட்டவோ குறைக்கவோ எளிய வழி இல்லை. ஆகவே ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு ஒரு பாகப்பிரிவினை நடந்தது. ஒரே வேகத்தில் ஓடும் வேலை கூண்டு மோட்டாருக்கு. வேகம் மாற வேண்டிய வேலை பிரஷ் மோட்டாருக்கு.

வீட்டு மின்விசிறி இந்தப் பாகப்பிரிவினையில் அகப்பட்டுக்கொண்ட பிள்ளை. அது நிமிடத்துக்கு 300, 400 சுற்று சுற்றினால் போதும். அதற்காகப் பல முனைகளைத் திணித்து, ஒற்றைமுனை மின்சாரத்தில் கண்டென்சர் வைத்து ஓட்டுகிறோம். இழுப்பது சுமார் 75 வாட். அதில் பெரும்பகுதி வெப்பமாகப் போகிறது. விசிறியை நிறுத்தியவுடன் நடுக்குடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். பழைய பெட்டி ரெகுலேட்டரோ குறைந்த வேகத்தில் மிச்ச மின்சாரத்தைத் தானே தின்று சூடாகும்.

டிரான்சிஸ்டர் கைக்கு வந்த வேலை

1947இல் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1957இல் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் தைரிஸ்டர் வந்தது. 1962இல் வில்சன், டிரிக்கி என்ற இரண்டு பொறியாளர்கள் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கம்யூட்டேட்டர் செய்யும் வேலையைத் திண்மநிலைச் சாதனங்கள் செய்யும் நேர்மின் மோட்டார் பற்றியது அது. அதுவே இன்று பி.எல்.டி.சி. என்று விளம்பரங்களில் அடிபடும் மோட்டாரின் பிறப்புச் சான்றிதழ் எனலாம்.

இதில் மோட்டாரை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். பிரஷ் மோட்டாரில் காந்தம் நிற்கும், சுருள் சுற்றும். இதில் சுருள் நிற்கும், காந்தம் சுற்றும். நிற்கும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க உரசல் எதற்கு? நேராகக் கம்பி கொடுத்துவிடலாம். ஆனால் புல்லை நகர்த்துவது யார்? மூன்று சுருள்களின் முனைகளில் ஆறு டிரான்சிஸ்டர்களை வைத்து, இரண்டிரண்டாகத் திறந்து மூடுகிறார்கள். ஒரு நேரத்தில் இரண்டு சுருளில் மின்சாரம் ஓடும், மூன்றாவது சும்மா இருக்கும். ஆறு படிகளில் ஒரு சுற்று முடிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

எப்போது மாற்றுவது? காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டுமே. அதற்குக் கைகொடுத்தவர் எட்வின் ஹால். காந்தப்புலத்தில் மின்சாரம் பாயும் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றுவதை அவர் கண்டது 1879இல். பி.எஸ்சி. ஆய்வகத்தில் நாம் நோட்டில் எழுதிய அதே ஹால் விளைவுதான். மூன்று ஹால் உணரிகளை வைத்தால் ஆறு நிலைகளையும் பிரித்தறியலாம்.

உணரியே இல்லாமலும் ஓட்டலாம். சும்மா இருக்கும் மூன்றாவது சுருளில், சுழலும் காந்தம் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். அது சுழியைக் கடக்கும் நேரத்தைக் கவனித்தால் காந்தத்தின் இடம் தெரிந்துவிடும். ஆனால் மோட்டார் நிற்கும்போது தூண்டல் ஏது? ஆகவே முதலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளி, சுற்ற ஆரம்பித்தபின் கண்ணைத் திறந்து பார்க்கும். சில புது விசிறிகள் போட்டவுடன் கொஞ்சம் பின்னால் போய்த் தயங்கிப் பிறகு கிளம்புவதன் இரகசியம் இதுதான். "விசிறி கெட்டுப்போச்சு" என்று யாரும் பதற வேண்டாம்!

1962இல் எழுதியது வீட்டுக்கு வர ஏன் இத்தனை காலம்? நல்ல காந்தம் மலிவாகக் கிடைக்க வேண்டும், நல்ல டிரான்சிஸ்டரும் மலிவாகக் கிடைக்க வேண்டும். 1930களில் அல்நிகோ, 1950களில் ஃபெரைட், 1960களில் சமேரியம்-கோபால்ட் எனக் காந்தங்கள் வலுப்பெற்றன. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தைக் கண்டறிந்தார்கள். கட்டைவிரல் அளவு காந்தத்துக்குப் பேய்ப்பலம் வந்தது. இசைத்தட்டைச் சுழற்றும் மேசை, கணினியின் வட்டு, அதைக் குளிர்விக்கும் குட்டி விசிறி என்று பிரஷ் இல்லாத மோட்டார் சத்தமில்லாமல் புகுந்துவிட்டது.

ராட்டினத்தில் ஏறிய கணக்கு

ஆறு படியில் தாவித்தாவி ஓட்டினால் சிறு அதிர்வும் சத்தமும் இருக்கும். வழுக்கிக்கொண்டு போவதுபோல் ஓட்ட, மூன்று சுருளிலும் எப்போதும் அலைவடிவ மின்சாரம் பாய வேண்டும். அப்படி ஓடுவது நிலைக்காந்த ஒத்தியங்கு மோட்டார். ஆனால் நொடிக்கு நொடி மாறும் மூன்று அலைகளைக் கட்டுப்படுத்துவது எப்படி?

திருவிழாவில் ராட்டினம் சுற்றும்போது கீழே நிற்கும் அம்மாவுக்குக் குழந்தை வருவதும் போவதுமாகத் தெரியும். அம்மாவும் பக்கத்துக் குதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டால்? குழந்தை அசையாமல் அங்கேயே இருக்கும். 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஜெர்மனியில் ஹஸ்ஸே, பிளாஷ்கே ஆகியோர் செய்தது இதைத்தான். சுழலும் காந்தத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்து பார்ப்பதுபோலக் கணக்கை மாற்றினார்கள். அங்கிருந்து பார்த்தால் மூன்று அலைகளும் இரண்டு நிலையான எண்களாகிவிடும். ஒன்று முறுக்குவிசைக்கு, மற்றொன்று காந்தப்புலத்துக்கு. அந்த இரண்டை மட்டும் திருத்தி, மறுபடி அலையாக மாற்றி அனுப்பினால் போதும். இதற்குத் திசையன் கட்டுப்பாடு என்று பெயர். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான முறை இந்தக் கணக்கைப் போட நுண்செயலி மலிவாக வேண்டியிருந்தது.

இக்கணக்கு பழைய கூண்டு மோட்டாருக்கும் விடுதலை தந்தது. அலைவெண்ணையே நாம் விரும்பியபடி உண்டாக்கலாம் என்றான பிறகு, பாகப்பிரிவினை எதற்கு? 1995இல் ஏ.பி.பி. நிறுவனத்தின் மும்முனை மின்ரயில் என்ஜின்கள் இந்தியாவுக்கு வந்தன. 1998இல் சித்தரஞ்சன் தொழிற்சாலை அவ்வகை என்ஜினைத் தானே செய்தது. நம் விழுப்புரம் - கடலூர் - மயிலாடுதுறை - தஞ்சாவூர் பாதையும், மயிலாடுதுறை - திருவாரூர் பாதையுமாக 228 கிலோமீட்டர் மின்மயமாக்கப்பட்டு 2021 பிப்ரவரி 14 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மும்முனை என்ஜினின் சக்கரத்தைச் சுற்றுவது டெஸ்லா காலத்துக் கூண்டு மோட்டாரே, கார்பன் கிடையாது. பிரேக் போடும்போது அதுவே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தருகிறது.

வகைகள் சுருக்கமாக

மாணவர்களுக்காக ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறேன்.

1. தூண்டல் மோட்டார்: காந்தமும் இல்லை, பிரஷும் இல்லை. நேரடி மின்சாரத்தில் ஓடும். வேகத்தை மாற்ற இன்வெர்ட்டர் டிரைவ் வேண்டும். பம்பு, ஆலை, ரயில்.

2. பி.எல்.டி.சி.: ரோட்டாரில் காந்தம், ஆறு படி மாற்றம், ஹால் உணரி அல்லது உணரியில்லா முறை. விசிறி, டிரோன், கணினி.

3. நிலைக்காந்த ஒத்தியங்கு மோட்டார்: அலைவடிவ மின்சாரம், திசையன் கட்டுப்பாடு. மின்சார ஸ்கூட்டர், கார், ரோபோ.

4. ஸ்டெப்பர்: சொன்ன படிக்குச் சொன்ன அளவு நகரும்; பெரும்பாலானவற்றில் ஒரு சுற்றுக்கு 200 படி. பிரிண்டர் போன்றவற்றுக்கு.

5. மாறுகாந்தத்தடை மோட்டார்: ரோட்டார் வெறும் பல்லுள்ள இரும்பு. எளிமை, உறுதி, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். 1830களின் கடைசியில் ஸ்காட்லாந்தில் ராபர்ட் டேவிட்சன் முயன்ற பழைய எண்ணம் இது; 1980இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் லாரன்சன் குழு மின்னணுவியலோடு மீட்டெடுத்தது.

புயலும் விசிறியும்

இனி நம் ஊருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து, கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அது சரியானதும் 2012இன் நீண்ட மின்வெட்டு. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் பேட்டரி வந்த காலம் அது.

அதே 2012இல்தான் கோவையின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 35 வாட்டில் ஓடும் 'சூப்பர்ஃபேன்' என்ற பிரஷ் இல்லாத கூரை விசிறியைக் கொண்டுவந்தது. முன்பு பம்புசெட் தந்த ஊர் இப்போது இதையும் தந்தது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கும். இழப்பெல்லாம் போகக் கைக்கு 1200 கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட்டில் நான்கு விசிறி ஓடினால் நான்கு மணி நேரத்தில் காலி. 30 வாட்டில் நான்கு விசிறி ஓடினால் பத்து மணி நேரம். புயல் இரவில் கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அந்த ஆறு மணி நேர வித்தியாசம் என்னவென்று கடலூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரண நாளிலும் ஒரு விசிறி தினம் 15 மணி, ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் சுமார் 200 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் கூரை விசிறிக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானதும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

காயில் கட்டும் கடை

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. என் வீட்டில் வாங்கிய விசிறி ஒன்று இரண்டு ஆண்டில் நின்றுபோனது. மோட்டார் நன்றாகவே இருந்தது. உள்ளிருந்த அட்டையில் உப்பு பூத்துப்போயிருந்தது. விற்ற நிறுவனத்தில் கேட்டால், "அட்டை தனியாக வராது சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். நம் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளாகக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காயில் எரிஞ்சா நான் பார்த்துக்குவேன். பேரிங் போனா மாத்துவேன். இந்த அட்டை போச்சுன்னா நான் என்ன செய்ய? எங்களுக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கார்பன் தேய்வது நின்றது. ஆனால் அவருடைய தொழில் தேய ஆரம்பித்துவிட்டது. பிரஷ் செய்த வேலை அட்டைக்குப் போனதோடு, அந்த வேலை தெரிந்தவர்களும் தெருவிலிருந்து தொலைவுக்குப் போய்விட்டார்கள். நானும் அட்டை வடிவமைப்பவன்தான். ஆகவே என் பக்கத்துப் பொறுப்பையும் சேர்த்தே சொல்கிறேன். அட்டையின் மேல் ஈரம் புகாத பூச்சு, தனியாகக் கழற்றும்படி அமைப்பு, உதிரிப்பாகம் கிடைக்க வழி, இவை மூன்றும் பெரிய செலவு அல்ல. வாங்குபவர்கள் கேட்டால் தயாரிப்பவர்கள் தருவார்கள். நாம் கேட்பதில்லை.

இன்னொரு பொறுப்பும் உண்டு. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் இலட்சக்கணக்கில் உருவாகின்றன. அவற்றின் மோட்டாருக்கு வேண்டிய அருமண் காந்தங்களுக்கு 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்ததும் இந்திய வாகன ஆலைகள் தவித்தன. அருமண் தனிமங்கள் அடங்கிய மோனசைட் மணல் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையிலேயே இருக்கிறது. மணலை அள்ளுவதால் கடற்கரைக்கும் மீனவருக்கும் வரும் கேடு என்ன, அள்ளாமல் ஃபெரைட் காந்தத்திலும் காந்தமே இல்லாத மோட்டாரிலும் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அறிந்து பேச வேண்டியவர்கள் நம் தலைமுறையினர்தான். வேதியியல், பொருளியல் மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு யோசனை. பழைய இரும்புக்கடையில் கெட்டுப்போன கணினி ஹார்டு டிஸ்க் கிடைக்கும். அதன் மோட்டாரிலிருந்து பெரும்பாலும் நான்கு முனைகள் வெளியே வரும். மூன்று சுருளின் முனைகள், ஒன்று நடுப்புள்ளி. கையால் சுற்றிவிட்டு மல்டிமீட்டரை மாறுமின்சாரத்தில் வைத்துப் பாருங்கள். நான் மேலே சொன்ன தூண்டல் மின்னழுத்தம் முள்ளில் ஆடும். அடுத்து ஆறு மாஸ்ஃபெட், ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தி வாங்கி, ஆறு படிகளை நீங்களே எழுதி ஓட்டுங்கள். ஓடிய பிறகு, கடைத்தெருவில் காயில் கட்டும் ஒருவரை ஆய்வகத்துக்கு அழைத்து வந்து அதைச் சொல்லிக்கொடுங்கள். அவரிடமிருந்து காயில் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இலாபம்.

முன்னாள் மாணவர் சங்கம் இதற்கென ஆண்டுக்கு ஒரு வாரம் பயிற்சி முகாம் நடத்த முன்வந்தால், அட்டைகளோடு வந்து கற்றுத்தர நான் தயார். சங்கத்தார் நாள் குறித்துச் சொன்னால் போதும்.